துண்டுக்குள் வாங்கிய மோட்டார் சைக்கிள்

என் பெரியப்பா ஒரு விஷயம் சொல்வார். கப்பலேறிப் பிழைக்கப் போனவன் ஊர் திரும்பினால், முதல் மூன்று மாதத்துக்குக் காலுள்ள எதையும் வாங்கக் கூடாது என்பார். அல்லது சக்கரமுள்ள எதையும் என்று சொன்னாரோ? அவர் பேசும்போதெல்லாம் வாயில் வெற்றிலை இருக்கும். பாதிச் சொல் வெற்றிலைக்குப் போய்விடும், மீதிதான் நமக்கு. நான் காலுள்ளது என்றே வைத்துக்கொண்டேன். ஆகவே மாடு வாங்கவில்லை. ஆடு வாங்கவில்லை. நாற்காலிக்கும் கால் உண்டே என்று இரண்டு மாதம் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் மாதம் மோட்டார் சைக்கிள் வாங்கப் போனேன்.

கொழும்பில் ஒரு கப்பல் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பகலெல்லாம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவேன். சாயங்காலம் தமிழில் மனைவிக்கு எழுதுவேன். ஆங்கிலக் கடிதங்களுக்கு உடனே பதில் வரும். மனைவியிடமிருந்து மாதம் ஒரு கார்டு வரும்: ‘இங்கு எல்லோரும் நலம். மழை இல்லை. கருப்பட்டி விலை ஏறுகிறது.’ வருஷத்துக்குப் பத்து நாள் லீவில் வந்து, அவள் ஊற்றிய காப்பியைக் குடித்துவிட்டு மறுபடி கப்பலேறுவேன். அப்படியே தலை நரைத்துவிட்டது.

அந்த இருபத்திரண்டு வருஷத்தில் என் மனைவி சண்முகவடிவு, உடன்குடியிலிருந்து கருப்பட்டி வாங்கித் தூத்துக்குடியில் விற்கும் ஒரு மண்டியை உண்டாக்கியிருந்தாள். நான் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது மில்லர்புரம் வீட்டில் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. நான் நடக்கத்தான் இடம் இல்லை. சட்டையை எந்த ஆணியில் மாட்டலாம் என்று கேட்டுவிட்டுத்தான் மாட்டுவேன். மறுநாள் அந்த ஆணியில் கோணிப்பை தொங்கும்; சட்டை கொடிக்குப் போயிருக்கும். அவள் வீட்டை ஓட்டினாள். மண்டியை ஓட்டினாள். மூன்றாவதாக என்னையும் ஓட்ட ஆரம்பித்தாள்.

இனி நானும் ஏதாவது ஒன்றை ஓட்டியாக வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை தீர்மானித்தேன். அவளைக் கேட்காமல், அவளுக்குத் தெரியாமல், என் சேமிப்புப் பணத்தில் ஒரே ஒரு பொருள். அதை நான் மட்டும் பார்த்து, நான் மட்டும் பேசி, நான் மட்டும் வாங்க வேண்டும். ஒரு ஆண்பிள்ளை உலகத்தில் இதற்கு மேல் சிறிதாக ஆசைப்பட முடியாது.

மோட்டார் சைக்கிளுக்குக் காரணமும் இருந்தது. ஆழ்வார்திருநகரியில் என் பள்ளிக்கூடத்துத் தோழன் ராஜகோபாலன் வாத்தியாராக இருக்கிறான். ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சண்டை போட இந்த ஜில்லாவில் எனக்கு வேறு ஆள் கிடையாது. அவனைப் பார்க்கக் கரி பஸ்ஸில் போக வேண்டும். பெட்ரோல் இல்லாத காலத்துக்கென்று முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ் அது. வெள்ளை வேட்டியோடு ஏறினால் இறங்கும்போது ராஜகோபாலனே யார் நீர் என்று கேட்பான். மேடு வந்தால் இறங்கித் தள்ளவும் வேண்டும். ஒருமுறை கணக்குப் பார்த்ததில் பஸ்ஸில் நான் போன தூரத்தைவிட என்னால் பஸ் போன தூரம் அதிகமாக இருந்தது.

கடற்கரைச் சாலையில் தேவபிரசாதம் என்பவர் ஒரு மோட்டார் டிப்போ வைத்திருந்தார். உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட மோட்டார் சைக்கிள்களை எடுத்துவந்து, பச்சைப் பெயிண்டுக்கு மேல் கறுப்புப் பெயிண்டு அடித்து வரிசையாக நிறுத்தியிருந்தார். ஒன்பது வண்டிகள். கடைசியில் நின்ற ஒன்று என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு நேரம் பார்க்க விடவில்லை.

“நல்ல கண்ணு அண்ணாச்சி உங்களுக்கு,” என்றார் தேவபிரசாதம். “பர்மாவுல ஒரு வெள்ளக்கார மேஜர் வச்சிருந்தது. ஞாயித்துக்கெழம கோயிலுக்கு மட்டுந்தான் எடுப்பாராம்.”

பர்மாச் சண்டைக்கு நடுவில் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய்வந்த மேஜரை நான் மனதுக்குள் வணங்கினேன். முன்சக்கரத்துக்கு மேலே தகட்டில் ஒரு விரல் நுழையும் ஓட்டை இருந்தது. குண்டு பாய்ந்ததா என்று கேட்டேன்.

“அது காத்து போறதுக்கு அண்ணாச்சி.”

விலை என்ன என்று கேட்டேன். அதோடு டிப்போவில் பேச்சு நின்றுவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேர் கழுத்தை நீட்டினார்கள். தேவபிரசாதம் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்துத் தம் வலது கையின் மேல் போட்டு, கையை நீட்டினார்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. அவருடைய தகப்பனார் முத்துத் தரகர். முத்துக் குளிப்பில் யாரும் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்தும் மடக்கியும் பேசிக்கொள்வார்கள். சுற்றி நிற்கிற ஆயிரம் பேருக்கும் விலை தெரியாது. கடலில் முத்துச்சிப்பி அற்றுப்போய்க் கிட்டத்தட்ட இருபது வருஷமாகிறது. தேவபிரசாதத்தின் கை சும்மா இருக்குமா? மோட்டார் சைக்கிளையும் அப்படியே விற்றார். ஒருவனுக்குக் கொடுத்த விலை பெஞ்சில் இருக்கிற அடுத்தவனுக்குத் தெரியக் கூடாது பாருங்கள்.

எனக்கு இது எங்கே தெரியும்? இருபத்திரண்டு வருஷம் கையெழுத்தால் பேரம் பேசினவன், கையால் பேசினதில்லை. அவர் நீட்டிய கையைத் துண்டுக்குள் முழுசாகப் பிடித்து, கப்பல் கம்பெனி வழக்கப்படி மூன்று தடவை நன்றாகக் குலுக்கினேன்.

தேவபிரசாதம் கையை மெதுவாக உருவிக்கொண்டார். “அண்ணாச்சி, நீங்க இப்பம் கேட்ட வெலைக்கு ஒம்பது வண்டியும் தந்து, டிப்போவயும் எழுதித் தந்து, நான் உங்கட்ட வேலைக்குச் சேரணும். வீட்டுல யார்ட்டயாவது பழகிட்டு வாங்க.”

பெஞ்சு சிரித்தது. நான் வீடு வந்தேன்.

வீட்டில் இந்தப் பாஷை தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். கருப்பட்டிச் சந்தையிலும் துண்டுப் பேரம் உண்டு. பெண்கள் யாரும் அதில் இறங்குவதில்லை, சண்முகவடிவு இறங்கியிருந்தாள். உடன்குடிக் கிழட்டு வியாபாரிகளெல்லாம் மகளுக்குக் கை கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு, அப்புறம் விரலை எண்ணிப் பார்த்துக்கொள்வார்களாம். அவளிடமே கற்றுக்கொண்டு அவளுக்குத் தெரியாமல் வாங்கிவிடுவது என்று திட்டமிட்டேன். யோசிக்க யோசிக்க என் சாமர்த்தியம் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்தேன். “ஏளா வடிவு, இந்தத் துண்டுக்குள்ள வெரலப் பிடிச்சுப் பேசுதாகளே, அது எப்படி?”

“என்னத்துக்குக் கேக்கிய?”

“சும்மாத்தான். ஒரு அறிவுக்கு.”

“அறிவுக்கா?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அப்பம் நல்லதுதான். இருக்கட்டும். இங்கன வந்து உக்காருங்க.”

கொடியிலிருந்து துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டாள். நான் உள்ளே கையை விட்டேன். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. இரண்டைப் பிடித்தால் இரண்டு. பாதி விரலை மடக்கினால் அரை. உள்ளங்கையில் சுரண்டினால், இறங்கி வா என்று அர்த்தம். கையை உதறினால், உன் சங்காத்தமே வேண்டாம் என்று அர்த்தம். பொறுமையாகச் சொல்லித் தந்தாள். காய்த்துப்போன கை அது. அதை இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பிடித்திருந்தது, தாலி கட்டின அன்றைக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். பாடத்தில் எனக்குக் கவனம் கொஞ்சம் குறைந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு விக்டோரியா உறைமோர் கேட்டு வந்தாள். அரைக் கிழவனும் அரைக் கிழவியும் பட்டப்பகலில் ஒரு துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். வாசலிலேயே நின்று, கிண்ணத்தால் வாயை மூடிக்கொண்டாள்.

“நான் பொறவு வாரேன் மைனி. நீங்க பேசிட்டு இருங்க. அண்ணன் இப்பந்தான கப்பல விட்டு எறங்கியிருக்காக.”

சண்முகவடிவு கையை எடுக்கவில்லை. பாடத்தை முடிக்காமல் விடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

“கடைசியா ஒண்ணு இருக்கு. வெல ஒத்துப்போச்சுன்னா வாயால சொல்லக் கூடாது. பெருவெரல அவுக உள்ளங்கையில வச்சு ரெண்டு தரம் அழுத்துங்க.”

“அதோட முடிஞ்சுதா?”

“அதோட உங்க சோலி முடிஞ்சுது,” என்றாள்.

மறுநாள் சட்டைப்பையில் பணக்கவரோடு டிப்போவுக்குப் போனேன். பெஞ்சில் அதே நாலு பேர். வேடிக்கை பார்க்க ஐந்தாவதாக ஒருவரையும் கூட்டிவந்திருந்தார்கள். தோளிலிருந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறி என் கையின் மேல் போட்டு நீட்டினேன். பெஞ்சு வாயை மூடிக்கொண்டது.

தேவபிரசாதம் விரலைப் பிடித்தார். நான் சுரண்டினேன். அவர் ஒரு விரலை விட்டார். நான் அரை விரலை மடக்கினேன். அவர் பெருமூச்சு விட்டார். நான் முகத்தைக் கடலின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். இன்னொரு சுரண்டல். இன்னொரு பெருமூச்சு. கொழும்பில் எத்தனையோ நாள் முதலாளி முன்னால் கைகட்டி நின்ற உடம்பு இது. அன்றைக்கு அந்தத் துண்டுக்குள் நான்தான் ராஜா. விலை எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்ததும் பெருவிரலை அவர் உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் அழுத்தினேன்.

தேவபிரசாதத்தின் முகம் மாறிவிட்டது. அதுவரை இல்லாத மரியாதை அதில் வந்து உட்கார்ந்தது. எழுந்தே நின்றுவிட்டார்.

“அப்படியா அண்ணாச்சி? மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நாளைக்குக் காலைல நானே வண்டியோட வீட்டுக்கு வந்துருதேன்.”

பதினோரு மணிக்கு மேல் வந்தால் நல்லது என்றேன். அப்போது சண்முகவடிவு மண்டிக்குப் போயிருப்பாள். பணக்கவரை எடுத்தேன், அவர் கையாலேயே தடுத்துவிட்டார்.

“அதெல்லாம் அங்கன வச்சுப் பேசிக்கிடலாம்.”

ஒரு மனிதனுடைய கை அழுத்தத்துக்கு இப்படி ஒரு நம்பிக்கையா! இங்கிலீஷ்காரன் பத்துப் பக்கம் ஒப்பந்தம் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, அப்புறமும் சந்தேகப்படுவான். நம்முடைய ஆள் பெருவிரலை நம்புகிறான். இதைப்பற்றி ராஜகோபாலனிடம் இரண்டு பாஷையிலும் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே தெருமுனையில் பீரங்கி வெடிப்பதுபோல் சத்தம் கேட்டது. காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. பட்டாளத்திலிருந்து வந்த ஜேசுதாசன் என்கிற டிப்போ மெக்கானிக் வண்டியை ஓட்டிவர, பின்னால் தேவபிரசாதம் துண்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வண்டி என் வீட்டு வாசலில் வந்து, இருமி, நின்றது. நான் ஓடிப்போய் ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்பதற்குள் அவர் என்னைத் தாண்டி உள்ளே பார்த்துக் கும்பிட்டார்.

“மொதலாளி இருக்காகளா?”

“நான்தான் இருக்கேனே,” என்றேன்.

“நீங்க இருக்கிய அண்ணாச்சி. நீங்கதான நேத்துக் கையில சொன்னிய?”

நான் கையில் சொன்னது என்ன என்று அப்போதுதான் அவர் விளக்கினார். பெரிய முத்து வியாபாரிகள் தாங்கள் வராமல் ஆளை அனுப்பி விலையை நாடி பிடித்துப் பார்ப்பார்களாம். அந்த ஆள் பேரம் முடிகிற இடத்தில் பெருவிரலை இரண்டு தரம் அழுத்துவானாம். ‘நான் ஏவலுக்கு வந்தவன், முடிவு சொல்ல வேண்டியவர் வீட்டில் இருக்கிறார்’ என்று அதற்கு அர்த்தமாம். முத்திலும் அதுதான், கருப்பட்டியிலும் அதுதான், நெல்லிலும் அதுதானாம். அப்படி அழுத்தின ஆளிடம் பணம் வாங்கினால் தரகனுக்கு மரியாதை இல்லையாம்.

நான் திரும்பிப் பார்த்தேன். சண்முகவடிவு தலையை முடிந்துகொண்டு வாசலில் நின்றாள். மண்டிக்குக் கிளம்பின மாதிரி தெரியவில்லை. தோளில் துண்டு இருந்தது.

“ஏளா, நீ எனக்குத் தப்பாச் சொல்லித் தந்திருக்க.”

“எது தப்பு? ஒண்ணு ரெண்டு அரையெல்லாம் சரியாத்தான இருந்துச்சு?”

“கடைசியாச் சொன்னது?”

“அதுவும் சரிதான். நெசத்தத்தான சொல்லிட்டு வந்திருக்கிய.”

உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றாள். போன செவ்வாய்க்கிழமை என் வேட்டியில் ஒட்டியிருந்தது கருப்பட்டிப் பாகு இல்லை, மோட்டார் எண்ணெய் என்பது அவளுக்கு முகர்ந்து பார்க்காமலே தெரிந்ததாம். மறுநாள் நான் அறிவுக்காகக் கை நீட்டியபோது மீதியும் தெரிந்துவிட்டதாம்.

பிறகு அவள் துண்டைக் கையின் மேல் போட்டாள். தேவபிரசாதம் பயபக்தியோடு விரலைக் கொடுத்தார். சுற்றிலும் பெஞ்சு இல்லை. வேறு வியாபாரிகள் இல்லை. ஜேசுதாசன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். விலை தெரியக் கூடாத ஆள் அந்த இடத்தில் நான் ஒருவன்தான். எனக்காகத்தான் அந்தத் துண்டு.

நான் நேற்று முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு சம்பாதித்த விலையை அவள் எந்த இடத்திலிருந்து பிடித்தாளோ, எங்கே கொண்டுபோய் விட்டாளோ. தேவபிரசாதம் பெருமூச்சு விடவில்லை, மூச்சே விடவில்லை. கடைசியில் அவர் நெற்றியைத் துடைக்கத் துண்டை உருவியபோது, வண்டிக்குப் பக்கத்தில் ஒரு தொட்டியும் பூட்டித் தருவது என்று முடிவாகியிருந்தது. பட்டாளத்தில் துப்பாக்கிக்காரன் உட்கார்ந்து வருகிற சைடு கார். தொட்டிக்குத் தனி விலை இல்லை. மொத்த விலை என்ன என்று இன்றுவரை நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். துண்டுக்குள் பேசினதை வெளியே சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

அவர்கள் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தாலும் முழுசாக வந்தது. அவள் வாங்கியது மண்டிப் பணத்தில், மண்டிக்கு. என் பணம் என்னிடம் இருக்கிறது. தேவபிரசாதத்திடம் இன்னும் எட்டு வண்டிகள் இருக்கின்றன. இன்றைக்கே போய் எனக்கென்று ஒன்று வாங்கி வருவேன் என்றேன். சட்டைப்பையைத் தட்டியும் காட்டினேன்.

“வாங்கிக்கிடுங்க. நான் மறிக்கல. பெட்ரோலுக்கு என்ன செய்வீய? ஏவாரத்துக்குன்னா மண்டி பேருக்குச் சர்க்கார்ல கூப்பன் தாரான். சும்மா சுத்துத ஆளுக்குத் தார கூப்பன்ல வண்டி தெருமுக்கு வரைக்கும் போவும். திரும்பி வர உருட்டணும்.”

“ராஜகோபாலனப் பாக்கப் போறது சும்மா சுத்துததா?”

அவள் முற்றத்தில் கிடந்த ஓலைப்பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“கேட்டியளா. இருவத்திரண்டு வருசம் கப்பல்ல போனிய. புயலடிச்ச அன்னைக்கெல்லாம் தொறமொகத்துக்குப் போயி, கொழும்புக் கப்பல் வந்துட்டான்னு கண்டவன்கிட்டயெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னேன். ஒரு கார்டுலயாவது எழுதினனா? இனிமே நீங்க எதுல ஏறினாலும், எங்க போறிய, எப்பம் வாரியன்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்.”

மழை இல்லை, கருப்பட்டி விலை ஏறுகிறது என்று எழுதின கார்டுகளை நினைத்துக்கொண்டேன். இருநூறுக்கு மேல் இருக்கும். எனக்கு இரண்டு பாஷை தெரியும் என்று பெயர். அந்தக் கார்டுகளைப் படிக்க இரண்டும் போதவில்லை.

திங்கட்கிழமை காலை ஜேசுதாசன் தொட்டி பூட்டிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். தகட்டில் வெள்ளைப் பெயிண்டால் ‘சண்முகவடிவு கருப்பட்டி மண்டி’ என்று எழுதியிருந்தது. குண்டு ஓட்டை ‘மண்டி’க்குப் புள்ளியாகப் பயன்பட்டிருந்தது. விக்டோரியா தெருப்பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

நான்தான் ஓட்டுவேன் என்று சொல்லி ஏறி உட்கார்ந்தேன். ஜேசுதாசன் ஒரு மிதியைக் காட்டி உதைக்கச் சொன்னான். உதைத்தேன். வண்டி திருப்பி உதைத்தது. மூன்றாவது உதையில் என் செருப்பு விக்டோரியா வீட்டு ஓட்டின் மேல் போய் விழுந்தது. நாலாவது உதைக்குக் கால் எழும்பவில்லை.

சண்முகவடிவு தராசையும் படிக்கற்களையும் ஓலைப்பெட்டியில் வைத்து வாசலுக்குக் கொண்டுவந்தாள். அவளுக்கு மண்டியில் வேலை இருந்தது. உடன்குடியில் மத்தியானத்துக்குள் சரக்கு எடுத்துவிட வேண்டும், ஈரக் கருப்பட்டியைத் தட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது, வரும்போது மூட்டை தொட்டியில் வரும் என்பதால் நான் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னாள். மாதம் ஒருநாள், அமாவாசைக்கு மண்டி லீவு. அன்றைக்கு ஜேசுதாசன் என்னை ஆழ்வார்திருநகரிக்குக் கூட்டிப்போவான் என்றும் சொன்னாள்.

“டிப்போவுல பேசியாச்சு. வண்டி பழகுத வரைக்கும் அவன் ஓட்டட்டும். நீங்க போறியளா? இல்ல, வேற ஆளப் பாக்கட்டுமா?”

பணக்கவர் இன்னும் என் சட்டைப்பையிலேயே இருந்தது. டிப்போ இருக்கிற கடற்கரைச் சாலை நடந்து போகிற தூரம்தான். தெருவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நான் ஓலைப்பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தொட்டிக்குள் உட்கார்ந்தேன்.